இன்பராஜின் மகள் வந்த சனிக்கிழமை

என் அக்கா ராக்கம்மாளின் வீட்டுக்காரர் சங்கையாவுக்கு எழுபத்தொன்பது வயது. பரளச்சிக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் அவரை ஏரோப்ளேன் சங்கையா என்றால்தான் தெரியும். எழுபத்தொன்றாம் வருடச் சண்டையில் குண்டு போடுகிற விமானத்தில் போனவர். சுட்டு வீழ்த்தப்பட்டு, பாகிஸ்தானில் ஒரு வருடம் கைதியாக இருந்து திரும்பியவர். நான் ஜெகதீஸ்வரன், முப்பத்தொரு வருடம் அருப்புக்கோட்டை - வீரசோழன் பஸ்ஸில் கண்டக்டர். வேலை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு எனக்கிருந்த ஒரே உருப்படியான தொழில், மச்சானைக் கேலி செய்வது.

கேலிக்கு அவரிடம் சரக்கு நிறைய உண்டு. விமானத்தில் பறந்த மனுஷன் பரணில் ஏறப் பயப்படுவார். வெளியே யாராவது கதவைத் தட்டினால் கையில் எடுத்த சோற்றை அப்படியே தட்டில் வைத்துவிடுவார். எல்லாவற்றுக்கும் மேல் படப்பு. தை மாதம் கதிர் அறுத்து முடிந்ததும் மாட்டுத் தீவனத்துக்குச் சோளத்தட்டையையும் கம்பந்தட்டையையும் களத்தில் வீடு உயரத்துக்கு அடுக்கி வைப்போம், அந்தப் படப்புப் பக்கமே வரமாட்டார். தட்டை உருவ அக்காதான் போக வேண்டும். களத்துப் பாதையை விட்டுவிட்டுச் சீமைக்கருவேலங்காட்டுக்குள் நுழைந்து, முள்ளில் வேட்டியைக் கிழித்துக்கொண்டு வீட்டுக்கு வருவார். "பாகிஸ்தானுக்கே பயப்படாத ஆளு, தட்டைக்குப் பயப்படுறாகளே" என்று டீக்கடையில் நாலு பேருக்கு முன்னால் கேட்டிருக்கிறேன். அவரும் சிரித்துக்கொள்வார். இப்போது அதை நினைத்தால் என் வாயில் நானே ஒன்று போட்டுக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது.

ஊர் அவரைப் பற்றி வேறு ஒரு கதை வைத்திருந்தது. ஆகஸ்டு பதினைந்து வந்தால் பள்ளிக்கூடத்தில் அவரைக் கொடியேற்றக் கூப்பிடுவார்கள். "மூன்று நாள் அடித்தும் வாய் திறக்காத வீரர்" என்று ஹெட்மாஸ்டர் மைக்கில் சொல்லுவார். மச்சான் தலையைக் குனிந்துகொண்டு நிற்பார். அடக்கமான மனுஷன் என்று எல்லாரும் பேசிக்கொள்வார்கள். சில வருடம் ஆகஸ்டு பதினான்காம் தேதியே காய்ச்சல் என்று படுத்துவிடுவார். அதையும் நான் கேலிதான் செய்தேன்.

இந்தப் பங்குனி பிறந்த முதல் புதன்கிழமை, அவர் வீட்டில் போன் அடித்தது. தெரியாத நம்பரை அவர் எடுப்பதில்லை. நான்தான் எடுத்தேன்.

"வணக்கம், ஞானசெல்வி பேசுறேன். தூத்துக்குடியில டீச்சரா இருக்கேன். சங்கையா சார் வீடுதானே? நான் இன்பராஜோட மகள். சாரோட விமானத்துல பைலட்டா போனாங்கள்ல, அவங்க மகள்."

முன்னாள் படைவீரர் ஆபீஸில் விசாரித்து நம்பர் வாங்கியிருக்கிறாள். அவளுடைய அம்மா போன ஐப்பசியில் இறந்துவிட்டார். அப்பாவைக் கடைசியாகப் பார்த்த மனிதரை ஒரு தடவை நேரில் பார்க்க வேண்டும், சனிக்கிழமை வரலாமா என்று கேட்டாள். எனக்கென்ன தெரியும். தாராளமாக வாங்க என்று சொல்லி, பரளச்சி விலக்கில் எப்படித் திரும்ப வேண்டும் என்று வழியும் சொல்லிவிட்டேன்.

முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த மச்சானிடம் விஷயத்தைச் சொன்னேன். கீரையைக் கீழே வைத்தார். எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சாயங்காலம் வரைக்கும் அந்தக் கதவு திறக்கவில்லை.

வியாழக்கிழமையும் சாப்பிடவில்லை. அக்கா என்னைக் கூப்பிட்டு விட்டாள். "ஏப்பா, நீ என்னத்தச் சொன்ன அவுகள்ட்ட? ராத்திரியெல்லாம் எந்திரிச்சு எந்திரிச்சு உக்காராக. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவமா?" என்றாள். நான் உள்ளே போனேன். சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார்.

"மாப்ளே, நான் செத்துட்டேன்னு சொல்லிரு" என்றார்.

"எதுக்கு மச்சான்? சாவுக்கு மாலை வாங்கிட்டு வந்துரும் அந்தப் பொண்ணு" என்றேன். வழக்கமாகச் சிரிப்பார். அன்று என் முகத்தைப் பார்த்தார், அவ்வளவுதான். ஒரு பெரிய மனுஷனின் கண்ணில் அத்தனை பயத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஒருமுறை திருச்சுழி வளைவில் பிரேக் பிடிக்காமல் வண்டி இறங்கியபோது டிரைவர் முகத்தில்கூட இவ்வளவு இல்லை.

வெள்ளிக்கிழமை காலையில் அவரே என்னைக் கூட்டிக்கொண்டு கண்மாய்க் கரைக்கு வந்தார். கண்மாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை, வெடித்துக் கிடந்தது. சுற்றிலும் ஆள் இல்லை என்று பார்த்துக்கொண்ட பிறகுதான் உட்கார்ந்தார். ஐம்பத்துநாலு வருடம் யாரிடமும் சொல்லாததை அங்கே வைத்துத்தான் என்னிடம் சொன்னார்.

அந்த விமானத்தில் இரண்டே பேர். ஓட்டுகிறவர் இன்பராஜ், சாத்தான்குளம் பக்கம், இவரைவிட இரண்டு வயது மூத்தவர். வரைபடத்தையும் கடிகாரத்தையும் பார்த்து வழி சொல்கிறவர், மூக்குப் பகுதியில் குப்புறப் படுத்துக் குண்டு போடுகிறவர் மச்சான். அத்தனை பெரிய படையில் இரண்டு தமிழர்கள் ஒரே விமானத்தில் சேர்ந்தது அவர்களுக்கே ஆச்சரியம். போன காரியம் முடிந்து திரும்புகையில், விடிவதற்குக் கொஞ்சம் முன்னால், கீழேயிருந்து பீரங்கியால் அடித்துவிட்டார்கள். ஒரு பக்கம் தீப்பிடித்துக்கொண்டது. பைலட் சீட்டுக்கு ஒரு விசை உண்டு, இழுத்தால் சீட்டோடு ஆளை வெளியே தூக்கி எறிந்துவிடும். வழி சொல்கிறவருக்கு அந்த வசதி இல்லை. தவழ்ந்து போய்ப் பக்கவாட்டுக் கதவைத் திறந்து தானாகக் குதிக்க வேண்டும்.

"என்னால கதவு கிட்டப் போக முடியல மாப்ளே. காலு வரல. அவரு பாட்டுக்கு விசையை இழுத்துட்டுப் போயிருக்கலாம். போகல. தீ உள்ள வார வரைக்கும் விமானத்த ஆடாமப் பிடிச்சுக்கிட்டு, குதி குதின்னு கத்துனாரு. நான் குதிச்ச பெறகுதான் அவரு குதிச்சாரு. அதனாலதான் ரொம்பத் தாழ வந்து, பாராசூட்டு சரியா விரியாம விழுந்தாரு."

இன்பராஜுக்கு இடது கால் தொடையிலேயே ஒடிந்துவிட்டது. இவருக்குச் சிராய்ப்புதான். பக்கத்தில் கம்பந்தட்டையை அடுக்கிய பெரிய படப்பு ஒன்று இருந்தது. நம் ஊர் மாதிரியே அங்கேயும் மானாவாரிக் காடு, கம்பு, ஆடு, வெயில். மச்சான் படப்பில் ஒரு பக்கம் தட்டையை உருவிப் பொந்து பண்ணி, இன்பராஜை இழுத்து உள்ளே வைத்து, தானும் நுழைந்து மூடிக்கொண்டார். பகல் முழுக்க அதற்குள்தான் கிடந்தார்கள். வெளியே ஆட்கள் பேசிக்கொண்டு போவது கேட்கும். அப்போதெல்லாம் மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டும். இன்பராஜுக்கு வலி தாங்காது, சட்டைக் கையை வாயில் திணித்துக் கடித்துக்கொள்வார். மதியத்துக்கு மேல் அவர் உதடு வெடித்து, நாக்கு புரளவில்லை. தண்ணீர் வேண்டும்.

பொழுது அடைகிற நேரத்தில் மச்சான் வெளியே வந்தார். அரை மைலில் ஒரு கிணறு. கயிறும் வாளியும் கிடந்தன, ஆள் யாரும் இல்லை. குனிந்து போனார். கயிற்றைக் கையில் எடுத்தார்.

இங்கே எங்கள் ஊர்ப் பழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் குடிக்கிற தண்ணீர் உள்ள கிணறு நாலு ஊருக்கு ஒன்று. தண்ணீர் இல்லை என்று யாரும் யாருக்கும் சொல்லமாட்டார்கள். ஆனால் கயிற்றைத் தொடுவதற்கு முன்னால் சத்தம் கொடுக்க வேண்டும். காட்டுக்குச் சொந்தக்காரன் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும், அவன் அருப்புக்கோட்டைக்கே போயிருந்தாலும், "தண்ணி எடுத்துக்கிறேன்" என்று கூவிவிட்டுத்தான் வாளியை இறக்க வேண்டும். கூவாமல் எடுத்தால் அது களவு. மச்சான் ஏழு வயதில் ஒருநாள் கூவாமல் எடுத்துவிட்டு, அவருடைய அப்பாவிடம் சாட்டையடி வாங்கியிருக்கிறார். அதற்குப் பிறகு யாரும் அவருக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கயிற்றைத் தொட்டால் வாய் தானாகக் கூவும்.

அங்கேயும் கூவியது. எதிரி நாட்டில், உடுப்போடு, உயிருக்கு ஒளிந்து கிடக்கிற ஆள், "அண்ணே, தண்ணி எடுத்துக்கிறேன்" என்று தமிழில், ஒரு காடு கேட்கிற மாதிரி.

"கூவுன பெறகுதான் மாப்ளே என் காதுலயே விழுந்துச்சு" என்றார்.

கிணற்று மேட்டுக்குப் பின்னாலிருந்து கோடாரியோடு ஒருவர் எழுந்தார். அப்புறம் பத்துப் பேர். அடித்தார்கள். பிறகு ராணுவ ஜீப் வந்தது, கண்ணைக் கட்டினார்கள். ஓர் அறையில் உட்கார வைத்து, உன்னோடு வந்தவன் எங்கே என்று கேட்டார்கள். பைலட் விமானத்தோடு எரிந்துவிட்டான் என்றார் மச்சான். அந்த நேரத்தில் அது சரியான பதில்தான் என்று நானும் சொல்லுவேன். இன்பராஜை அவர்கள் கையில் சிக்கவிடக் கூடாது, எப்படியாவது நம் ஆட்கள் வந்து எடுத்துக்கொண்டு போவார்கள் என்று நினைத்திருக்கிறார். நாட்டு எல்லை ஒரு நடை தூரம் என்று அந்த வயதில் நம்பியிருக்கிறார்.

மறுநாள் அந்த நம்பிக்கை போய்விட்டது. அங்கே ஒரு மனிதன் ஒடிந்த காலோடு, தண்ணீர் இல்லாமல், டிசம்பர்க் குளிரில் கிடக்கிறான். அவனைப் பிடித்துக் கொடுத்தால் ஆஸ்பத்திரியிலாவது போடுவார்கள். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்திருக்கிறார். அப்போது பக்கத்து அறையில் யாரையோ அடிக்கிற சத்தம் கேட்டது.

"நேத்துப் பொய் சொன்னியான்னு கேட்டு என்னையும் அப்படி அடிப்பாகன்னு பயந்துட்டேன். அம்புட்டுத்தான் மாப்ளே. நாட்டுக்காக இல்ல. அடிக்குப் பயந்து ஒரு நாள் முழுக்க வாய மூடிக்கிட்டு இருந்தேன்."

மூன்றாம் நாள் காலையில் சொன்னார். ஜீப் போனது, மதியம் திரும்பி வந்தது. ஒரு அதிகாரி வந்து எதிரே உட்கார்ந்தார். அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. "காலையில்தான் போயிருக்கிறார். நேற்றுச் சொல்லியிருந்தால் பிழைத்திருப்பார்" என்று இவருக்குப் புரிகிற உருதுவில் சொல்லிவிட்டு, தம் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாராம். அங்கேயே ஓர் ஓரத்தில் புதைத்தார்கள். ஒரு வருடம் கழித்து விடுதலையாகி வந்தபோது நம் ஆட்களும் கேட்டார்கள். மச்சான் முதல் நாள் சொன்ன பொய்யையே திரும்பச் சொல்லிவிட்டார். அதுவே ரிக்கார்டு ஆனது. அதுவே இன்பராஜ் வீட்டுக்கும் கடிதமாகப் போனது. இவர் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்கு வந்து, கொத்துமல்லியும் பருத்தியும் போட்டு, என் அக்காவைக் கட்டிக்கொண்டார்.

கேட்டு முடித்ததும் எனக்கு வந்தது கோபம். யார் மேல் என்று சொல்லத் தெரியவில்லை. "சொல்லாதீக மச்சான்" என்றேன். "அந்தப் பொண்ணு அப்பா ஒரு நொடியில போயிட்டாருன்னு நெனச்சுக்கிட்டு இருக்கு. அதப் போயி ஏன் மூணு நாளாக்கணும்? வந்தா டீயக் குடுத்து, பெரிய வீரருன்னு சொல்லி அனுப்பிருவோம். எனக்கும் தெரியாது, ஒங்களுக்கும் தெரியாது." நான் சொன்னதில் அவர் மேல் உள்ள அக்கறை பாதி. ஏரோப்ளேன் சங்கையாவின் மச்சினன் என்கிற பெருமை போய்விடுமே என்பது மீதி. அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

சரி என்று தலையை ஆட்டினார். வீடு வரைக்கும் என் கையைப் பிடித்துக்கொண்டேதான் வந்தார்.

சனிக்கிழமை பதினோரு மணிக்குக் கார் வந்தது. ஞானசெல்விக்கு ஐம்பத்துமூன்று வயது. முன் தலையில் நரை, கண்ணாடி, கையில் ஒரு பை நிறையப் பழம். காரை அவளே ஓட்டி வந்திருந்தாள். கதவு சாத்தும் சத்தத்துக்கே நாற்காலியில் இருந்த மச்சானுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவள் குனிந்து காலைத் தொட்டாள். அவர் காலை இழுத்துக்கொண்டார்.

அக்கா டீ கொண்டுவந்து வைத்தாள். நான்தான் பேசிக்கொண்டிருந்தேன். கண்டக்டர் வேலையில் கற்றது, கூட்டம் முறைக்கும்போது பேச்சை நிறுத்தக் கூடாது. உங்க அப்பா மாதிரி வீரரைப் பார்க்க முடியாதும்மா, ஒரு நொடியில் சாமிகிட்டப் போயிட்டாரு, அவருக்கு எதுவும் தெரிஞ்சிருக்காது என்று அடித்துவிட்டுக்கொண்டிருந்தேன். அவள் மரியாதைக்குக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு மச்சானைப் பார்த்துத் திரும்பினாள்.

"சார், ஒண்ணே ஒண்ணு கேக்கணும். சின்ன வயசுல இருந்து எல்லாரும் இதையேதான் சொல்லுறாங்க. சர்ச்சுல சொன்னாங்க, ஸ்கூல்ல சொன்னாங்க. அப்பா பயமே இல்லாதவங்கன்னு. நான் எல்லாத்துக்கும் பயப்படுவேன். அம்மாவ ஐசியூல வச்சிருந்தப்ப வாசல்ல நிக்கக்கூடப் பயந்தேன். நான் அவங்க மகதானான்னு எனக்கே தோணும். அவங்க பயப்படவே இல்லையா சார்?"

நான் குறுக்கே புகுந்து, "பயமா, அவருக்கா" என்று ஆரம்பித்தேன். மச்சான் கையைக் காட்டி என்னை நிறுத்தினார்.

"பயந்தாரும்மா" என்றார். "ரொம்பப் பயந்தாரு. ரெண்டு பேருமே பயந்தோம். ஒங்க அப்பா விமானத்தோட போகல."

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். எனக்குச் சொன்னதைவிட மெதுவாக, ஒன்றையும் விடாமல். கூவியதைச் சொன்னார். அடிக்குப் பயந்த அந்த ஒரு நாளைச் சொன்னார். அந்த அதிகாரி சொன்னதையும் சொன்னார். அக்கா நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஞானசெல்வி அழவில்லை. அவள் முகம் இறுகிக்கொண்டே வந்தது. எழுந்து ஓங்கி ஒன்று வைத்தாலும் வைப்பாள் என்று நான் பயந்தேன். வைத்தால் தடுக்கக் கூடாது என்றும் நினைத்தேன்.

"அந்தப் படப்புக்குள்ள அப்பா என்ன பேசுனாங்க?" என்று கேட்டாள்.

"ஒங்க அம்மாவுக்கு அப்ப அஞ்சு மாசம். பொண்ணு பொறக்கும்னு சொன்னாரு. வலி வந்தா என் கையப் பிடிச்சுக்கிருவாரு. இருட்டப் போகுதேன்னு பயந்தாரு. சாகப் பிடிக்கலன்னு நாலஞ்சு தடவ சொன்னாரு."

"கடைசியா?"

மச்சான் துண்டால் முகத்தைத் துடைத்தார். அக்கா தண்ணீர்ச் செம்பை நீட்டினாள், அவர் வாங்கவில்லை.

"அஞ்சு நிமிசத்துல வாரேன்னு சொல்லிட்டுப் பொறப்பட்டேன். சட்டையப் பிடிச்சு இழுத்தாரு. 'சீக்கிரம் வந்துருடே, எனக்குப் பயமா இருக்கு' அப்படின்னாரு."

ஞானசெல்வி கண்ணாடியைக் கழற்றினாள். "டேன்னா சொன்னாங்க? எங்க ஊர்ப் பக்கம் சொல்லுற மாதிரி?" என்று கேட்டாள். "இன்னொரு தடவ சொல்லுங்க சார். அப்பா சொன்ன மாதிரியே." அவர் இன்னொரு தடவை சொன்னார். அப்போதுதான் அவள் அழுதாள். அக்கா வீட்டுத் தரையில் உட்கார்ந்து, நாங்கள் யாரும் பக்கத்தில் போக முடியாதபடி அழுதாள்.

சாப்பிடச் சொன்னோம். வேண்டாம் என்றுவிட்டாள். கார் வரைக்கும் மச்சான் நடந்து வந்தார். அவள் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள்.

"சார், எங்க அம்மா அம்பத்துமூணு வருசம் காத்துக்கிட்டு இருந்தாங்க. ஒரு வார்த்த கிடைக்காதான்னு. தூத்துக்குடி இங்க இருந்து ரெண்டு மணி நேரம். நீங்க ஒரு நாள் வந்திருக்கலாம்."

"பயந்துட்டேம்மா" என்றார் மச்சான்.

வண்டியில் ஏறப் போனவளிடம் அவர் மறுபடியும் பேசினார். "ஒங்க அம்மாவ அடக்கம் பண்ணுன எடத்துக்கு வரட்டுமா? அவுகள்ட்டயும் சொல்லணும்."

அவள் தரையைப் பார்த்தபடி யோசித்தாள். "வாங்க" என்றாள் கடைசியில். "ஆனா மன்னிப்புக் கிடைக்கும்னு வராதீங்க. எனக்கே இன்னும் தெரியல. அம்மா பக்கத்துல நின்னு, அப்பா சொன்னத அப்பா சொன்ன மாதிரியே சொல்லுங்க. அது போதும்."

அது போன வாரம். நாளை ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறு மணிக்குத் தூத்துக்குடி பஸ். நாலு நாளாக மச்சான் ஒரு வாய்கூட ஒழுங்காகச் சாப்பிடவில்லை. இன்று சாயங்காலம் நான் போனபோது சலவை வேட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், முகமெல்லாம் வேர்த்திருந்தது. "மாப்ளே, நீயும் கூட வாரீல்ல?" என்று மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் வாரேன் மச்சான் என்றேன்.